உள்ளே சமைத்த கைக்கு எந்தச் சான்றிதழ்?

எங்கள் நலன்புரி வட்டத்திடம் இந்த வருடம் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. கொழும்பில் சிறையில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு உணவுப் பாதுகாப்பில் ஒரு தொழிற்பயிற்சி கொடுக்கவேண்டும் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. எந்தப் பயிற்சி என்பதில்தான் இழுபறி. ஒருவர் ஒருநாள் சுகாதார வகுப்பே போதும் என்கிறார். இன்னொருவர் என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இல்லாவிட்டால் எதுவும் பிரயோசனமில்லை என்கிறார். வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பும் அண்ணா ஒருவருக்கு, தொழிற்சாலைகளில் உணவு ஆபத்தைக் கட்டுப்படுத்தும் முறையான ஹசப் (HACCP) கோர்ஸில் விருப்பம். நான் 18 வருடமாக வெள்ளவத்தையில் மதியச் சாப்பாட்டுப் பார்சல் கடை நடத்துகிறேன். அதனால், "நீங்கள் ஒப்பிட்டு எழுதித் தாங்கோ, அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்போம்" என்று என்னிடம் விட்டார்கள். இதே கேள்வியோடு வேறு சபைகளும் இருக்கக்கூடும் என்பதால் எழுதியதை எல்லோருக்கும் தருகிறேன்.

முதலில் என் கடையில் நடந்த ஒரு விஷயம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தம்பி வேலைக்கு வந்தார். கொட்டாஞ்சேனைப் பக்கம் வீடு. ஒன்றரை வருடம் மறியலில் இருந்துவிட்டு வந்தவர், உள்ளே குசினியில் வேலை செய்திருக்கிறார். அடுப்படியில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருபது கிலோ அரிசி என்றாலும் கலங்கமாட்டார். வாசத்தை வைத்தே சோறு பதமா இல்லையா என்று சொல்லிவிடுவார். வந்த முதல் கிழமை, மதியம் விற்று மிஞ்சிய சோற்றை இரவு ஃப்ரைட் ரைசுக்கு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு நான் பாங்குக்குப் போய்விட்டேன். ஐந்து மணிக்கு வந்து பார்த்தால் சோறு அப்படியே பெரிய அலுமினியச் சட்டியில், மூடி இறுக்கி, மேலே துணியும் கட்டி இருந்தது. திறந்தேன். மூடியின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. நடுவில் கரண்டியை விட்டுப் பார்த்தால் இன்னும் இளஞ்சூடு.

"ஈ விழாமல் நல்லா மூடித்தான் அக்கா வைச்சன்" என்றார். அவ்வளவு சோற்றையும் கொட்டச் சொன்னபோது முகம் வாடிவிட்டது. பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "உள்ளுக்கு மிச்சம் எண்டு ஒண்டு இருந்ததே இல்ல அக்கா. ஆக்கினா உடனே முடிஞ்சிரும்."

அந்த ஒரு வரியில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. அரிசியில் பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்திகள் இருக்கும். அவை கொதியிலும் சாகாது. சோறு 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கி, வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அந்த வித்திகள் முளைத்துப் பெருகி நஞ்சை விடும். வாந்தியை உண்டாக்கும் நஞ்சு திரும்பப் பொரித்தாலும் போகாது. சோற்றை அகலத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்திருக்கவேண்டும். இறுக்கி மூடி வைத்தது பாதுகாப்பு என்று அவர் நினைத்தார். சூட்டை உள்ளே பூட்டி வைத்ததுதான் ஆபத்து.

ஆக, உள்ளே குசினியில் நின்ற ஒருவருக்குச் சமையல் தெரியும். நூற்றுக்கணக்கானவர்களுக்கு நேரத்துக்கு ஆக்கிக் கொடுக்கத் தெரியும். ஆக்கியதை ஆறவைப்பது, சேமித்து வைப்பது, திரும்பச் சூடாக்குவது, திகதி எழுதி ஒட்டுவது எல்லாம் அங்கே தேவைப்படாததால் தெரியாமல் போகிறது. வெளியே கடை வேலையில் பாதி அதுதான். பயிற்சிகளை ஒப்பிடும்போது இந்த இடைவெளியை எது நிரப்புகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

அதோடு இன்னொன்றையும் பார்க்கவேண்டும்: உள்ளே இருப்பவருக்கு எவ்வளவு காலம் இருக்கிறது? நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் இன்னும் தீர்ப்பு வராத விளக்கமறியல் கைதிகள். இன்றைக்குப் புதுக்கடை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போனால் பின்னேரம் திரும்பி வரலாம், பிணையில் வீட்டுக்கும் போகலாம். தண்டனை பெற்றவர்களிலும் தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் குறுகிய காலத்துக்கு உள்ளே இருப்பவர்கள் நிறையப் பேர். வெசாக், சுதந்திர தினம், நத்தார் வந்தால் பொதுமன்னிப்பில் ஒரு கூட்டம் வெளியே போகும். அவர்கள் போவது சந்தோஷமான விஷயம். ஆனால் ஆறு மாதக் கோர்ஸ் ஒன்றை 30 பேரோடு தொடங்கினால் முடியும்போது எத்தனை பேர் இருப்பார்கள் என்று யாராலும் சொல்ல ஏலாது.

குறுகிய சுகாதார வகுப்பு

ஒருநாள், மிஞ்சினால் இரண்டு நாள். பி.எச்.ஐ. என்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வந்து நடத்துவார். இதற்கு அடிப்படையாக உலக சுகாதார நிறுவனம் 2001 இல் வெளியிட்ட பாதுகாப்பான உணவுக்கான ஐந்து விதிகளை எடுத்துக்கொள்ளலாம்: சுத்தம் பேணு, பச்சையையும் சமைத்ததையும் பிரித்து வை, நன்றாகச் சமை, சரியான வெப்பநிலையில் வை, பாதுகாப்பான நீரும் மூலப்பொருளும் பாவி. கேட்க எல்லோருக்கும் தெரிந்ததுபோல இருக்கும். விவரமாகப் பார்த்தால்தான் எவ்வளவு தெரியாது என்பது தெரியும்.

மீனை எடுத்துக்கொள்ளுங்கள். சூரை, கெலவல்லா போன்ற மீன்கள் பிடித்ததில் இருந்து ஐசில் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் சேரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், தலையிடிக்கும், நெஞ்சு படபடக்கும். சாப்பிட்டவர் தனக்கு மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பார். பேலியகொடைச் சந்தையில் இருந்து முச்சக்கர வண்டியில் ஐஸ் இல்லாமல் கொண்டுவந்த மீன்தான் காரணம் என்று நினைக்கமாட்டார். "நன்றாகச் சமைத்தால் எல்லாம் சரி" என்று நம்பி வளர்ந்த எங்களுக்கு, சமைத்தாலும் போகாத நஞ்சு உண்டு என்பது புதுப் பாடம். தேங்காய்ச் சம்பலும் அப்படி ஒரு பாடம்தான். பச்சையாக, கையால் பிசைந்து, சூடே காணாமல் பார்சலுக்குள் போகிறது. காலை ஆறு மணிக்கு அரைத்ததைப் பின்னேரம் ரொட்டியோடு கொடுக்கக்கூடாது.

இந்த வகுப்பின் பெரிய பலம், யாருக்கும் கொடுக்கலாம் என்பது. விளக்கமறியலில் இருப்பவரும் உட்காரலாம். நாளைக்கே பிணை கிடைத்தாலும் படித்தது படித்ததுதான். ஐக்கிய நாடுகள் சபை 2015 இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளும், தீர்ப்பு வராதவர்களுக்கு வேலை செய்யும் வாய்ப்பு கொடுக்கப்படவேண்டும், கட்டாயப்படுத்தக்கூடாது என்றே சொல்கின்றன. செலவும் குறைவு.

பலவீனம், கையில் கிடைக்கும் தாளுக்குப் பெறுமதி குறைவு. சின்னச் சாப்பாட்டுக் கடைக்காரர் அதைப் பார்ப்பதே இல்லை. "யார் கூட்டிக்கொண்டு வந்தது?" என்றுதான் கேட்பார். பெரிய ஹோட்டல்காரர் பார்த்தாலும் இதை ஒரு தகைமையாக எடுக்கமாட்டார். என்றாலும் இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் கடையைப் பரிசோதிக்க வரும் பி.எச்.ஐ. முதலாளியை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை. வேலை செய்பவரின் நகத்தைப் பார்ப்பார், மருத்துவச் சான்றிதழ் கேட்பார், டைபொயிட் ஊசி போட்டதா என்று கேட்பார். ஃபிரிட்ஜைத் திறந்து, பச்சை இறைச்சி மேல்தட்டிலா கீழ்தட்டிலா என்று பார்ப்பார். அந்த நேரம் சரியான பதில் சொல்லத் தெரிந்த பையனை எந்த முதலாளியும் விடமாட்டார்.

வகுப்பை எப்படி நடத்துகிறார்கள் என்பதிலும் நிறைய இருக்கிறது. சிங்களத்தில் ஸ்லைட் போட்டு, நடுவில் யாரோ ஒருவர் தமிழில் இரண்டு வரி சொல்லி முடிக்கும் வகுப்புகளை நான் வெளியிலேயே பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பிள்ளைகளுக்குச் சிங்களம் கதைக்க வரும். தோட்டத்தில் இருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கும் வடக்கு, கிழக்குப் பிள்ளைகளுக்கும் தொழிற்சொற்கள் சிங்களத்தில் ஏறாது. தமிழில் முழு வகுப்பு, கையில் வெப்பமானி, முன்னால் ஒரு சட்டி சுடுசோறு. இவை இல்லாவிட்டால் அந்த ஒருநாள் வீண்.

என்.வி.கியூ. முழுக் கோர்ஸ்

தேசிய தொழிற்தகைமையில் ஏழு மட்டங்கள் இருக்கின்றன. 2 முதல் 4 வரை தேசியச் சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். சமையல், பேக்கரித் தொழில்களுக்கு 3 ஆம், 4 ஆம் மட்டங்கள்தான் எங்களுக்கு வேண்டியவை. 3 என்றால் ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்யக்கூடியவர். 4 என்றால் மேற்பார்வை இல்லாமலே செய்யக்கூடியவர். இந்தச் சான்றிதழை நாடு முழுக்க எந்த முதலாளிக்கும் வாசிக்கத் தெரியும், வெளிநாட்டு வேலைக்குப் போகும்போதும் காட்டலாம். உணவுச் சுகாதாரம் இந்தப் பாடத்திட்டங்களுக்குள்ளேயே ஒரு பகுதியாக வருகிறது.

சிறைச்சாலைத் திணைக்களத்தின் தொழிற்பிரிவுகளில் பேக்கரியும் ஒன்று. மாவு பிசைவது, புளிக்கவைப்பது, போறணையின் சூட்டைப் பிடிப்பது எல்லாம் நாளாந்தம் நடக்கிற இடத்தில் அந்தக் கோர்ஸை வைப்பது இயல்பானது. அதோடு பாண், உணவுப் பாதுகாப்பில் சின்னப் பிழைகளைக் கொஞ்சம் தாங்கும் பொருள். நல்ல சூட்டில் வெந்து, உலர்ந்து வெளியே வருகிறது. ஆபத்தெல்லாம் கிரீம், முட்டை, மீன் வைக்கிற பணிஸ், ரோல்ஸ் பக்கம்தான். டில்லி திகார் சிறையில் செய்யும் பேக்கரிப் பொருட்களை டி.ஜே. என்ற பெயரில் வெளியே விற்கிறார்கள். அப்படி விற்கும் இடத்தில், வாடிக்கையாளரின் கண் மேலே இருப்பதால், சுத்தமும் தானாகவே பாடமாகிவிடும்.

ஆனால் காலம் இடிக்கிறது. வகுப்பு மாதக்கணக்கில் நீளும், அதற்கு மேல் வேலைத்தளப் பயிற்சியும் வேண்டும். இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் தண்டனை மிச்சம் இருப்பவர்களுக்குத்தான் இது பொருந்தும். எங்களிடம் இருக்கும் பணத்துக்கு மிகச் சிலரைத்தான் சேர்க்கலாம், அவர்களிலும் பாதியில் நிற்பவர்கள் இருப்பார்கள். 2022 இல் எரிவாயுவும் மாவும் இல்லாமல் எத்தனை பேக்கரிகள் போறணையை அணைத்தன என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பேக்கரி மட்டும் தெரிந்தவர்களுக்கு அந்த வருடம் மிகவும் பொல்லாதது.

முன்கற்றல் அங்கீகாரம்

இதைத்தான் எங்கள் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. எனக்கு இதில்தான் அதிக நம்பிக்கை.

ஒருவர் வகுப்பில் படிக்காமல் வேலை செய்தே தொழிலைக் கற்றிருந்தால், அதைப் பரிசோதித்து அதே என்.வி.கியூ. சான்றிதழைக் கொடுக்கும் முறை இருக்கிறது. ஆர்.பி.எல். என்று சொல்வார்கள். நைட்டா என்று நாம் சொல்லும் பயிலுநர் பயிற்சி அதிகார சபையில் விண்ணப்பிக்கலாம். செய்த வேலைக்கு ஆதாரம் காட்டவேண்டும். மதிப்பீட்டாளர்கள் வந்து கேள்வி கேட்பார்கள், செய்து காட்டச் சொல்வார்கள். தேறினால் கோர்ஸ் படித்தவருக்குக் கிடைக்கும் அதே சான்றிதழ்.

உள்ளே "கிச்சன் பார்ட்டி" என்ற குசினி வேலைக் குழுவில் இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். என் கடைத் தம்பி சொன்னபடி, விடிய நாலு மணிக்கே எழும்பிச் சோறு போடுவார்கள். வருடக்கணக்கில் அப்படி நின்றவருக்கு வெளியே வந்தால் காட்ட ஒரு தாள் இல்லை. "எங்கே வேலை செய்தாய்?" என்று கேட்டால் சொல்லவும் ஏலாது. அந்த உழைப்பு முழுவதும் காணாமல் போகிறது. முன்கற்றல் அங்கீகாரம் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. புதிதாகச் சமையல் கற்பிக்கத் தேவையில்லை, செலவும் முழுக் கோர்ஸைவிடக் குறையும்.

குறை என்ன என்றால், பரிசோதனையில் அவர்கள் தடுக்குப்படப் போகும் இடம் எது என்று எனக்கு இப்போதே தெரியும். நான் கொட்டிய அந்தச் சட்டிச் சோறுதான். சேமிப்பு, ஆறவைத்தல், திகதி ஒட்டுதல், ஒவ்வாமை. நிலக்கடலை, இறால், கோதுமை சேர்ந்த உணவைக் கேட்பவருக்கு எப்படிச் சொல்வது என்பதெல்லாம் உள்ளே கேட்கப்படாத கேள்விகள். அதனால் இதைத் தனியாகச் செய்யக்கூடாது. மேலே சொன்ன குறுகிய வகுப்பை, இவர்களுக்கு மட்டும் நாலைந்து அமர்வாக நீட்டி, அதற்குப் பிறகு மதிப்பீட்டுக்கு அனுப்பவேண்டும். சமையல் அவர்களிடம் இருக்கிறது, நாங்கள் கொடுப்பது சமைத்ததற்குப் பிந்திய பாதி.

ஒரு நிபந்தனையும் வைக்கவேண்டும். சான்றிதழிலோ ஆதாரக் கடிதத்திலோ சிறையின் பெயர் தெரியும்படி இருக்கக்கூடாது. பொலிஸ் அறிக்கை கேட்கும் இடத்தில் எப்படியும் விஷயம் தெரியவரும். அது வேறு. ஆனால் தொழில் தெரியும் என்று காட்டும் தாளே ஆளைக் காட்டிக்கொடுத்தால் அவர் அதை வெளியே எடுக்கவே மாட்டார். இதைப் பணம் கொடுப்பதற்கு முன் சிறையின் நலன்புரி அதிகாரியிடம் பேசித் தீர்க்கவேண்டும்.

ஹசப் கோர்ஸ்

அண்ணாவுக்கு மரியாதையோடு சொல்கிறேன், இது இப்போது வேண்டாம். ஹசப் நல்ல முறைதான். 1960களில் அமெரிக்க விண்வெளி வீரர்களின் சாப்பாட்டுக்காகப் பில்ஸ்பரி நிறுவனமும் நாசாவும் சேர்ந்து உருவாக்கியது. ஏழு கோட்பாடுகள். எங்கே ஆபத்து வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடித்து அந்தப் புள்ளியில் கட்டுப்படுத்துவது. ஆனால் அது தொழிற்சாலை மேற்பார்வையாளருக்கும் தரக்கட்டுப்பாட்டு அலுவலருக்கும் உரியது. சாதாரண தரம் சித்தியடையாத ஒருவருக்கு அந்தச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பினால், அதைக் கேட்கும் தொழிற்சாலை அவரை எடுக்காது, அவரை எடுக்கும் கடை அதைக் கேட்காது. படித்த ஓரிருவர் உள்ளே இருந்தால் பிறகு தனியாகப் பார்க்கலாம்.

வெளியே வந்தபின்

பயிற்சியை உள்ளே தொடங்காமல், விடுதலையானபின் ஒரு கடையில் சேர்த்துப் பழக்கலாம் என்பது என் மகளின் யோசனை. அதில் உண்மை இருக்கிறது. வெளியே வந்த முதல் சில கிழமைகள்தான் கடினமானவை. கையில் காசில்லை, பழைய கூட்டாளிகள் தெருமுனையில் நிற்கிறார்கள், வீட்டில் முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. அந்த நேரத்தில் காலை ஐந்து மணிக்கு வரச்சொல்ல ஒரு கடை இருந்தால் அதுவே பெரிய விஷயம்.

இங்கிலாந்தில் த கிளிங்க் என்ற அமைப்பு இதை இரண்டு பக்கமும் பிடித்துச் செய்தது. 2009 இல் ஹைடவுன் சிறைக்குள் பொதுமக்கள் வந்து சாப்பிடும் உணவகம் ஒன்றைத் திறந்தார்கள். விடுதலைக்கு 6 முதல் 18 மாதம் இருப்பவர்களை எடுத்துப் பழக்கி, தகைமைச் சான்றிதழும் கொடுத்து, வெளியே போனபின்னும் ஒரு வழிகாட்டி அவர்களோடு தொடர்பில் இருந்தார். அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் 2013 இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிறைக்குள் கல்வியிலோ தொழிற்பயிற்சியிலோ சேர்ந்தவர்கள் திரும்பக் குற்றத்தில் விழும் வாய்ப்பு 43 வீதம் குறைவாகவும், வேலை கிடைக்கும் வாய்ப்பு 13 வீதம் கூடவும் இருந்தது. பயிற்சி பலன் தரும், ஆனால் வேலை தானாக வந்துவிடாது என்று நான் அந்த இரண்டு எண்களையும் சேர்த்து விளங்கிக்கொள்கிறேன். வெளியே ஒரு கை பிடிக்கவேண்டும்.

ஆனால் வெளியே மட்டும் என்று வைத்தால் ஆட்கள் கைநழுவிப் போவார்கள். விடுதலையானவர் முகவரி தேடி எங்களிடம் வருவார் என்று காத்திருக்க ஏலாது. உள்ளே வகுப்பில் முகம் பழகியிருந்தால்தான் வெளியே வந்ததும் போன் எடுப்பார்.

பெண்கள் பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களில் பலர் வெளியே வந்து கடையில் சம்பளத்துக்கு நிற்கப் போவதில்லை. பிள்ளைகளோடு வீட்டில் இருந்து இடியப்பம் அவிக்க, ரோல்ஸ் சுற்றிக் கொடுக்கத்தான் நினைக்கிறார்கள். அவர்களுக்கு என்.வி.கியூ.வைவிடக் குறுகிய வகுப்பு பொருந்தும். அதோடு வீட்டுச் சமையல் இடத்தை எப்படிப் பதிவு செய்வது, பி.எச்.ஐ. வந்தால் என்ன பார்ப்பார் என்று அரைநாள் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

என் முடிவு

பணத்தில் பெரும் பகுதியைக் குசினியில் ஏற்கனவே வேலை செய்பவர்களின் முன்கற்றல் அங்கீகாரத்துக்கும், அதற்கு முன்னான தமிழ் அமர்வுகளுக்கும் கொடுப்போம். அந்த அமர்வுகளில் முதலாவதை விளக்கமறியலில் இருப்பவர்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக நடத்துவோம். அதற்கு மேலதிகச் செலவு சொற்பம். மிச்சத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்து, வெளியே வருபவர்களை முதல் மூன்று மாதம் கடைகளில் சேர்க்கும்போது பஸ் காசுக்கும் மருத்துவச் சான்றிதழுக்கும் கொடுப்போம். என் கடையில் ஒரு நேரத்தில் ஒருவரை எடுக்கிறேன். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்னும் சில கடைக்காரர்களிடம் பேசிப் பார்க்கிறேன். பேக்கரி என்.வி.கியூ.வை, நீண்ட தண்டனைக்காரர்கள் யாராவது கேட்டால் அடுத்த வருடம் பார்ப்போம்.

வகுப்புக்கு வேண்டிய சாமான் அதிகமில்லை. கண்ணாடி இல்லாத டிஜிட்டல் வெப்பமானி பத்து, அகலத் தட்டுகள், திகதி எழுதி ஒட்டும் நாடா. கண்ணாடியையும் கூர்மையானதையும் உள்ளே விடமாட்டார்கள். வெப்பமானியின் முனையும் கூர்தான், அதனால் எண்ணிக் கொண்டுபோய் எண்ணித் திருப்பி எடுக்க அனுமதி எழுதிக் கேட்கவேண்டும். சோறு ஆறவைக்கும் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க என் கடைத் தம்பி வரச் சம்மதித்திருக்கிறார். இருந்துவிட்டு வந்தவரைத் திரும்ப உள்ளே விடுவார்களா என்று அவருக்கே சந்தேகம். அதையும், முழு வகுப்பையும் தமிழில் எடுக்கக்கூடிய பி.எச்.ஐ. ஒருவரையும் கேட்டு, திங்கட்கிழமை சிறை அலுவலகத்துக்கும் பி.எச்.ஐ. அலுவலகத்துக்கும் போகிறேன்.